சுங்கவரியை முன்பணமாகக் கட்டுபவர்களுக்காக

அமெரிக்காவில் வாகனம் தயாரிக்கும் நிறுவனங்களின் கொள்முதல் தலைவர்களுக்கு,

வணக்கம். 2025 ஏப்ரலில் இறக்குமதி கார்களுக்கும் மே மாதத்தில் உதிரிபாகங்களுக்கும் அமெரிக்கா 25% வரி விதித்ததிலிருந்து, விலை எவ்வளவு ஏறும் என்பதே பேச்சாக இருக்கிறது. ஜப்பானுக்கும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் அது 15% ஆனபோதும் பேச்சு மாறவில்லை. உங்களுக்குப் பாகம் தரும் சிறு நிறுவனங்களின் கழுத்தை இறுக்குவது, விலையைவிடப் பணம் கைக்கு வரும் தேதிதான்.

சரக்கு இறங்கிய சில வாரங்களுக்குள் இறக்குமதியாளர் வரியைக் கட்டியாக வேண்டும். நீங்கள் பில்லுக்குப் பணம் தருவதோ 60 நாள், 90 நாள் கழித்து. மாதம் 10 லட்சம் டாலருக்குப் பாகம் இறக்குபவருக்கு, 25% கணக்கில் வரி மட்டும் இரண்டரை லட்சம். இரண்டு மாத இடைவெளி விழுந்தாலே 5 லட்சம் டாலர் எப்போதும் முடங்கிக் கிடக்கும். ஒரு போல்ட்கூடக் கூடுதலாகச் செய்து தராத பணம் அது. அதற்கும் வட்டி ஓடும்.

வட்டி கொடுத்தாலாவது கடன் கிடைக்கிறதா? வைப்பர், பிரேக், ஃபில்டர் விற்ற ஃபர்ஸ்ட் பிராண்ட்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம் 2025 செப்டம்பரில் 1,000 கோடி டாலருக்கு மேற்பட்ட கடனுடன் திவால் பாதுகாப்பு கோரியது. ஒரே பில்லைக் காட்டி இரண்டு இடத்தில் பணம் வாங்கினார்களா என்ற கேள்வி நீதிமன்றம்வரை போனது. இதைப் பார்த்த பிறகு, பில்லை ஈடாக வைத்துக் கடன் தருவோர் துருவித் துருவிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் அந்தச் சந்தேகத்தின் சுமை, ஒழுங்காகக் கணக்கு வைத்திருக்கும் சின்னவர்கள் தலையிலும் விழுகிறது. உங்களுக்குக் கிடைக்கும் வட்டி விகிதம் அவர்களுக்குக் கிடைக்காது. வரிக்கான கடனை அவர்கள்தான் வாங்க வேண்டும் என்பது என்ன நியாயம்?

பாகத்தின் விலைக்கு உங்கள் வழக்கமான தவணை இருக்கட்டும். வரித் தொகையைப் பில்லில் தனியாகக் காட்டச் சொல்லி, சுங்க ரசீது வந்த 15 நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். அமெரிக்காவில் பொருத்தி முடிக்கும் வாகனத்தின் சில்லறை விலையில் 3.75% அளவுக்கு உங்களுக்கு உதிரிபாக வரியில் சலுகை உண்டு. அதைப் பயன்படுத்தும் இறக்குமதியாளர்களை நீங்களே குறிப்பிடலாம். அந்தப் பட்டியலில் சிறியவர்களின் பெயரை முதலில் எழுதுங்கள். அடுத்த காலாண்டு ஒப்பந்தங்களில் கையெழுத்திடும் முன் இந்த இரண்டையும் சேர்க்க வேண்டுகிறேன்.

உதிரிபாகத் தொழிலின் வரவு செலவைப் பார்த்துவரும் ஒருவன்