நாக்கில் வைத்துப் பார்க்கச் சொன்னவர்களுக்கு நன்றி

எல்லோருக்கும் வணக்கம்.

மதுரை செல்லூர்ப் பக்கம் ஒரு மாநகராட்சிப் பள்ளியில் நாங்கள் போட்ட தோட்டத்தில் போன வாரம் சிறுகீரை பறித்தோம். விதைத்து 25 நாள் ஆகியிருந்தது. மதியம் சத்துணவுச் சாம்பாரில் அந்தக் கீரை வெந்து கிடந்ததைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. தோட்டம் சொல்லித்தரும் தன்னார்வலர் என்று இரண்டு வருஷமாக என்னைக் கூப்பிடுகிறார்கள். எனக்குச் சொல்லித் தந்தவர்களைப் பற்றி நான் இதுவரை எங்கேயும் வாய்திறந்து சொன்னதில்லை.

முதலில் யானைமலை அடிவாரத்து வேளாண் கல்லூரிப் பேராசிரியர் ஐயாவுக்கு. 1965இலிருந்து இருக்கிற கல்லூரி அது. ஒத்தக்கடை வழியாகப் போகும்போதெல்லாம் பஸ்ஸிலிருந்து பார்த்திருக்கிறேன்; என்னைப் போன்ற வீட்டுப் பெண்ணுக்கும் அங்கே பயிற்சி உண்டு என்று தெரியாது. செம்மண், தென்னை நார்க்கழிவு, மட்கிய உரம் மூன்றையும் சமபங்கு கலப்பது, மாடியில் செடி வளர்க்கும் பைக்கு அடியில் செங்கல் வைத்துத் தளத்தில் தண்ணீர் தேங்காமல் பார்ப்பது எல்லாம் அங்கே படித்ததுதான். ஆனால் அவரிடம் நான் உண்மையில் கற்றுக்கொண்டது வேறு ஒரு நாளில்.

வில்லாபுரத்து அக்கா ஒருவர் என் பேச்சை நம்பி மாடியில் 20 பை வைத்தார். மூன்றாவது வாரத்தில் கத்தரி நாற்று எல்லாம் இலை ஓரம் கருகிச் சுருண்டது. நான் ஏதோ நோய் என்று வேப்பெண்ணெய் அடிக்கச் சொன்னேன். இன்னும் மோசமானது. பயந்துபோய் ஐயாவுக்கு போன் போட்டேன். அவர் மருந்துப் பெயர் ஒன்றும் சொல்லவில்லை. “ஊற்றுற தண்ணிய நாக்குல வெச்சுப் பாத்தியாம்மா?” என்றார். அக்கா வீட்டு போர்த் தண்ணீரை ஒரு சொட்டு வைத்துப் பார்த்தேன். கரித்தது. நார்க்கழிவுக் கட்டியையும் நான் அலசாமலே கலக்கச் சொல்லியிருந்தேன், அதிலும் உப்பு. இரண்டு உப்பும் சேர்ந்து செடியைத் தின்றிருக்கிறது.

அந்த அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். “சரி விடு, எனக்கும் தெரிஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டு, வைகைத் தண்ணீர் குழாயில் வரும் நாளில் இரண்டு குடம் செடிக்கென்று தனியாகப் பிடித்து வைத்தார். நார்க்கழிவைச் சிமெண்டுத் தொட்டியில் ஊறப்போட்டு, காபி நிறத்தில் இறங்கும் சாயம் வெளுக்கிற வரை மூன்று தடவை பிழிந்தோம். புது நாற்று பிடித்துக்கொண்டது. அக்கா, இன்று எந்த வகுப்பிலும் நான் முதலில் எடுப்பது தண்ணீர்ப் பேச்சைத்தான். அது உங்கள் 20 பை சொல்லித் தந்தது. உங்களுக்கு ரொம்பக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பள்ளிச் சத்துணவுக்கூட ஆயாம்மாவுக்கு நன்றி. அரிசி களைந்த தண்ணீர், காய்த்தோல் ஒன்றையும் வீசாமல் வாளியில் எடுத்து வைத்தவர் அவர். வாளி இல்லாமல் உரக்குழி நிறைந்திருக்காது. சாணியை மூட்டை கட்டி ஆட்டோவில் ஏற்றி வந்து, வாடகை வேண்டாம் என்ற ஆட்டோ அண்ணனுக்கும் நன்றி. சீட்டில் படிந்த வாசம் போக அவருக்கு இரண்டு நாள் ஆனதாம்.

அப்புறம் ஆறாம் வகுப்புத் தம்பி ஒருவன். அவரைக் கொடியில் அசுவினி, அதாவது செடியின் சாற்றை உறிஞ்சும் பொடிப் பூச்சி, அப்பியிருந்தது. நான் தெளிப்பானைத் தூக்கிவிட்டேன். “மிஸ், இந்தப் பூச்சி அதைத் தின்னுது மிஸ்!” என்று கையைப் பிடித்து இழுத்தான். கறுப்பில் ஆரஞ்சுப் புள்ளியோடு குட்டி முதலை போல ஒரு புழு. பொறிவண்டின் குஞ்சு! 2008இல் கோவைப் பக்கம் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சி மருந்துக்கு அடங்காமல் பரவியதையும், 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து கொண்டுவந்த பொடிக் குளவிதான் அதை அடக்கியது என்பதையும் பயிற்சியில் குறிப்பெடுத்தவள் நான். ஆனாலும் தெளிப்பானைக் கீழே வைக்க வைத்தது அந்தப் பிள்ளையின் கண்தான். நாலைந்து நாளில் கொடி சுத்தமாகிவிட்டது. தம்பி, நல்லா இருப்பா.

சனிக்கிழமைதோறும் வெயிலில் அலைந்துவிட்டு நான் வரும்வரை சோற்றை மூடி வைத்துக் காத்திருந்த அத்தைக்கு நன்றி என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். ஆனாலும் எழுதுகிறேன்.

பள்ளிப் பந்தலில் இரண்டு புடலங்காயைப் பறிக்காமல் முற்ற விட்டிருந்தோம். விதை எடுத்துச் சாம்பலில் புரட்டிக் காயவைத்திருக்கிறேன். இதில் நான் சொன்ன ஒவ்வொருவருக்கும் பத்து விதை பொட்டலம் கட்டியாகிவிட்டது. ஆடிக்குள் வீடு தேடி வந்து தருகிறேன். பந்தலுக்குக் கயிறு மட்டும் வாங்கி வையுங்கள்.