ஒரே சொடுக்கில் யாருக்குக் கிடைக்கிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த கழிமுகக் கட்டுரையை முழுவதும் படித்தேன். ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இடத்தில் மீன்குஞ்சுகள் எப்படி வளர்கின்றன என்று கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். கடைசிப் பத்தியில்தான் அந்த வரி: கழிமுக மீன்களின் வாழிடம் பற்றிய ஆய்வுகள் எல்லாம் இன்று தரவுத்தளங்களில் ஒரே சொடுக்கில் கிடைக்கின்றனவாம். யாருக்கு என்று அவர் சொல்லவில்லை. நீங்களும் கேட்கவில்லை.

நான் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஓய்வு பெற்ற கையோடு நூலகக் கணக்கை மூடிவிட்டார்கள். சரி, விதி அது. இப்போது தேடினாலும் தலைப்பு வருகிறது, எழுதியவர் பெயர் வருகிறது, சுருக்கம்கூட வருகிறது. முழுக் கட்டுரையைத் தொட்டால்தான் ‘உங்கள் நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கவும்’ என்று நீளமான பட்டியல் ஒன்று விரிகிறது. பல்கலைக்கழகங்கள் அகர வரிசையில் நிற்கின்றன. ‘ஓய்வு பெற்றவர், சொந்த வீடு’ என்று ஒரு வரியை அதில் காணோம். புதிதாகப் பதிவு செய்யலாமென்றால் நிறுவன மின்னஞ்சல் கேட்கிறது. அதுவும் இல்லையா, பணம் கட்டு. சில இடங்களில் அதுகூட இரண்டு நாள் வாடகைக்குத்தான்.

சுருக்கம் போதாதா என்று கேட்பீர்கள். கொடுவா மீனை எடுத்துக்கொள்ளுங்கள். முட்டையிடுவது கழிமுகத்தை ஒட்டிய உப்புநீரில். குஞ்சுகள் அலையாத்தி ஓடைகளுக்கும் சதுப்புகளுக்கும் ஏறிப்போகின்றன, சில நன்னீர் வரைக்கும். முதலில் ஆணாக முதிர்ந்து, சில ஆண்டுகள் கழித்துப் பெரும்பாலானவை பெண்ணாக மாறுகின்றன. வயதுக்கு ஓரிடம் மாறும் இந்த மீனுக்கு வாழிடம் எது என்பதை ஐந்தாறு வரிச் சுருக்கத்தை வைத்துச் சொல்லிவிட முடியுமா? எந்த மாதம் வலை போட்டார்கள், கடல் ஏற்றத்திலா வற்றத்திலா, உப்பளவு என்ன, வலைக்கண் எவ்வளவு என்பதெல்லாம் உள்ளே அட்டவணையில் கிடக்கும். பெரிய கண்ணுள்ள வலையை இழுத்துவிட்டுக் ‘குஞ்சுகள் இல்லை’ என்று எழுதினால், அந்த வரி சுருக்கத்தில் ஏறிவிடும், வலைக்கண் ஏறாது. அப்புறம் யாராவது அந்தச் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு, அந்த ஓடையைத் தூர்த்தாலும் ஒன்றும் ஆகாது என்று அறிக்கை எழுதுவார்.

தேடுவதும் அவ்வளவு சுலபமில்லை. லிசா என்ற பேரினத்தில் இருந்த மடவை மீன்களில் பல இன்று பிளானிலிசா ஆகிவிட்டன. பழைய பெயரில் தேடினால் பழைய கட்டுரைகள் வரும். புதியவை வேண்டுமென்றால் புதுப் பெயரில் இன்னொரு தரம் தேட வேண்டும். மீனினங்களின் விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் ஃபிஷ்பேஸ் தளம் இலவசமாகவே இரண்டு பெயரையும் சேர்த்துக் காட்டுகிறது, அந்தப் புண்ணியவான்கள் நன்றாக இருக்கட்டும். வாழிடம் பற்றிய விவரமான வேலை பலவும் ஆய்விதழ்களில் வந்ததே இல்லை. துறை அறிக்கைகளிலும் முனைவர் பட்ட ஆய்வேடுகளிலும் தூங்குகிறது. அப்படி ஓர் ஆய்வேடு முழுதாகவே கிடைத்தது. ஸ்கேன் செய்தவர் புத்தகத்தை அழுத்திப் பிடிக்கவில்லை. உப்பளவு அட்டவணையின் கடைசி இரண்டு நிரல்கள் பைண்டிங் மடிப்புக்குள் போய்விட்டன.

ஆய்வுக் கட்டுரைகளை இணையத்தில் எவரும் கட்டணமின்றிப் படிக்க வேண்டும் என்று புடாபெஸ்ட் அறிக்கை சொன்னது 2002இல். அதற்குப் பிறகு வந்த மாற்றம் என்ன? படிப்பவரிடம் வாங்காத இதழ்களில் பல, எழுதுபவரிடம் வாங்குகின்றன. நடுவில் இருந்து, வெளியாகும் முன் கட்டுரையைச் சரிபார்த்துக் கொடுக்கும் மதிப்பாய்வாளருக்குப் பெரும்பாலும் ஒரு காசு கிடையாது. அந்த வேலையை நானும் செய்திருக்கிறேன். நான் வரிக்கு வரி திருத்தச் சொல்லித் திருப்பியனுப்பிய கட்டுரையையே இன்று நான் பணம் கட்டித்தான் படிக்க வேண்டும். எழுதியவருக்குக் கடிதம் போட்டுக் கேட்கலாம்தான், பலர் மனமுவந்து அனுப்பியும் இருக்கிறார்கள். 1970களில் எழுதியவருக்கு எந்த முகவரிக்குப் போடுவது?

உங்களுக்குத் தெரியாத விஷயமா இதெல்லாம்? முன்பு ஒருமுறை இதைப் பற்றி விரிவாக எழுதியபோது, ‘கட்டுரை அருமை’ என்ற முதல் வரியை மட்டும் பெருந்தன்மையோடு வெளியிட்டீர்கள். இந்த முறை அந்த வரியை நான் எழுதவே இல்லை, உங்களுக்குச் சிரமம் வேண்டாம் என்றுதான்.

கேட்பது சின்ன விஷயம். எந்த ஆய்வை வைத்துக் கட்டுரை எழுதப்பட்டதோ, அதை எழுதியவர் பெயர், ஆண்டு, இதழ், டிஓஐ எண் (இணையத்தில் அந்தக் கட்டுரையை அடையாளம் காட்டும் நிலையான எண்) ஆகியவற்றைக் கட்டுரையின் கீழே பொடி எழுத்திலாவது போடுங்கள். கட்டணமில்லாமல் படிக்கக் கிடைப்பது எது என்றும் குறித்துவிடுங்கள். இடமில்லை என்றால், நடுவில் அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்த கோமாளி மீன் படத்தைக் குறைக்கலாம். அது பவளப்பாறையில் கடல் சாமந்தியோடு வாழ்கிற மீன். கழிமுகக் கட்டுரையில் அதற்கு என்ன வேலை?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர் ஒருவர்