மூன்று சிலிங் வரியும் சட்டநிரூபண சபையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

பிரித்தானியர் ஆட்சிக்கால இலங்கையில் சட்டமியற்றிய சட்டநிரூபண சபையின் தோற்றம் குறித்துக் கடந்த இதழில் வெளியான கட்டுரையை வாசித்தேன். பிரித்தானிய விசாரணை ஆணையாளர்களான கோல்புரூக், கமரன் ஆகியோரின் விதப்புரைகளைத் தொடர்ந்து 1833 இல் அமைந்த அச்சபையை மக்களாட்சியின் முதற்படி என்று கட்டுரையாளர் பாராட்டுகிறார். உத்தியோகத்தர் ஒன்பது பேர், உத்தியோகப்பற்றற்றோர் ஆறு பேர் என்ற கணக்கையும் பிழையின்றித் தருகிறார். ஆயினும் அந்த ஆறு பேரையும் நியமித்தவர் பிரித்தானிய ஆளுநரான தேசாதிபதியே என்பதும், ஐரோப்பியர் மூவருக்கு அப்பால் சிங்களவர், தமிழர், பறங்கியர் ஆகியோருக்கு ஆளுக்கோர் ஆசனமே கிடைத்தது என்பதும் அக்கட்டுரையில் போதிய அழுத்தம் பெறவில்லை. சிங்களவருக்குரிய ஆசனத்தில் அமர்த்தப்பட்டவர்களும் கரையோரச் சிங்களவரே. மலைநாட்டுக் கண்டியருக்காகப் பேச அங்கு எவரும் இருக்கவில்லை.

இதன் விளைவு 1848 இல் வெளிப்பட்டது. கோப்பி விலை வீழ்ந்து திறைசேரி வறண்டிருந்த வேளையில், கோப்பி மீதான ஏற்றுமதித் தீர்வையை நீக்கிய அதே அரசாங்கம், நாய், துப்பாக்கி, கடை, வள்ளம் என்று கிராமத்தவரின் கையிலிருந்த ஒவ்வொன்றுக்கும் வரி தேடியது. இவற்றுள் மிகக் கசந்தது தெருச்சட்டம். பதினெட்டு முதல் ஐம்பத்தைந்து வயது வரையான ஆண் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஆறு நாள் தெரு வேலை செய்ய வேண்டும், அல்லது மூன்று சிலிங் செலுத்த வேண்டும். 1832 இல் இராஜகாரியத்தை ஒழித்துவிட்டதாகப் பெருமை கொண்ட ஆட்சி, பதினாறு ஆண்டுகளில் அதே கட்டாய ஊழியத்தைப் புதுப் பெயரில் திரும்பக் கொண்டுவந்ததாகவே மலைநாட்டு மக்கள் விளங்கிக்கொண்டனர். அவர்கள் விளங்கிக்கொண்டதில் பிழையில்லை என்பதே என் எண்ணம். அத்தெருக்களால் பெரும்பயன் பெறவிருந்தவர்கள் தோட்டத்துரைமாரே. 1840களின் தொடக்கத்தில் அவர்களுக்கு முடிக்குரிய காணி ஏக்கர் ஐந்து சிலிங்குக்குக் கிடைத்தது என்பதை நினைவிற்கொண்டால், ஏழைக் கமக்காரனிடம் கேட்கப்பட்ட மூன்று சிலிங்கின் பாரம் விளங்கும். காணி வாங்கியோருள் உயர் உத்தியோகத்தர் பலரும் இருந்தனர் என்பதை அன்றைய குடியேற்றச் செயலாளர் எமர்சன் டெனன்டே பின்னர் எழுதிவைத்திருக்கிறார்.

இவ்வரிகளுக்கு எதிராக எழுந்த கிளர்ச்சியில், ஆசிரியருக்கு எழுதப்பட்ட ஒரு கடிதத்துக்கும் பங்குண்டு. 'ஆங்கிலேயன்' என்ற புனைபெயரில் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகையில் அவ்வாண்டு ஜூலையில் வெளியாகிய அக்கடிதம், சிங்களத்தில் பெயர்க்கப்பட்டு மலைநாட்டில் பரவியது. அம்மாத இறுதியில் தம்புள்ளையில் கிளர்ச்சித் தலைவர் கொங்கலேகொட பண்டா மன்னராக முடிசூட்டப்பட்டார். மாத்தளையிலும் குருநாகலிலும் கிளர்ச்சி வெடித்தது. தேசாதிபதி டொரிங்டன் இராணுவச் சட்டத்தைப் பிரகடனம் செய்தார். கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8 ஆம் நாள் கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார். பௌத்த துறவியான குடாபொல தேரரைக் காவியுடையுடனேயே சுட்டமை இலண்டன் வரை கண்டனத்துக்குள்ளாகி, நாடாளுமன்றக் குழுவொன்று விசாரித்த பின் 1850 இல் டொரிங்டன் திருப்பியழைக்கப்பட்டார். புதிய வரிகளுட் பல கைவிடப்பட்டன. தெருவரி மட்டும் நீடித்தது.

மாத்தளையில் வாழ்பவன் என்பதால் மேலும் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. கோப்பித் தோட்டங்களுக்காகத் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே நடந்து வந்து சேர்ந்ததும் இவ்வூருக்குத்தான். வழியில் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் மாண்டோர் பலர். அவர்களுக்கும் அச்சபையில் குரல் இருக்கவில்லை.

கண்டிச் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் தனி ஆசனங்கள் 1889 இலேயே கிடைத்தன. தொடரின் அடுத்த பகுதியில் கட்டுரையாளர் அவ்வாண்டுக்கு வரும்போது, 1848 ஐயும் சேர்த்து எழுதுமாறு வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
மாத்தளை.