நிலத்தையும் விற்க வேண்டாம், வேலையையும் விட வேண்டாம்

அன்புள்ள கண்ணனுக்கு,

அம்மா எழுதுவது. பெங்களூரு வேலையை விட்டுவிட்டு வயலைப் பார்க்க வரப்போகிறேன் என்று நீ அனுப்பியதை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் மோட்டார் போடப் போய்விட்டார். போனில் பேசினால் சண்டையில்தான் முடியும், அதனால் எழுதுகிறேன்.

போன சம்பாவில் ஏக்கருக்கு நாற்பது கிலோ மூட்டையாக 60 சிப்பம் கண்டது, அதாவது 24 குவிண்டால். கொள்முதல் நிலையத்தில் சன்ன ரகத்துக்கு ஊக்கத்தொகையோடு குவிண்டால் 2,545 ரூபாய் கிடைத்தது. ஆக 61,000 சொச்சம். உழவு, நடவு, உரம், மருந்து, மெஷின் வாடகை எல்லாம் போகக் கையில் நின்றது 24,000. நமக்கு இருப்பது 9 மா, மூன்று ஏக்கர். ஆறு மாதத்துக்கு 72,000, அதுவும் அறுப்பு நேரத்தில் மழை பிடிக்காமல் இருந்தால். நம்மைவிடக் கம்மியாக வைத்திருப்பவர்கள்தான் நிறையப் பேர். 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் சராசரியே 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் கீழே.

நெல் விலை ஏறும் என்பாய். ஏறும்தான், ஆனால் கூலியும் கூடவே ஏறும். அதோடு, சோற்றுக்கு ஜனங்கள் செலவழிக்கிற பங்கும் குறைந்துகொண்டே வருகிறது. 1999-2000-ல் இந்தியாவில் கிராமத்துக் குடும்பம் நூறு ரூபாய் செலவு செய்தால் 22 ரூபாய் தானியத்துக்குப் போனது. 2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் 5 ரூபாய்கூட இல்லை. ரேஷன் அரிசியும் ஒரு காரணம், சரி. ஆனாலும் உன் சம்பளம் ஏறியபோது நீ சோறு கூடுதலாகவா சாப்பிட்டாய்? பழம், பால், முட்டைக்குத்தானே போனது! நெல்லை மட்டும் நம்பி மூன்று ஏக்கரில் ஒரு குடும்பம் நிமிர இனி வழியில்லை.

உளுந்து போட்டால் என்ன என்று கேட்டிருந்தாய். முன்பெல்லாம் சம்பா அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாள் முன்னால் நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவோம். தண்ணீர் கிடையாது, உரம் கிடையாது. வயல் ஈரத்திலும் பனியிலும் வந்துவிடும். ஆள் அறுத்த காலம் அது. இப்போது செயின் வண்டி என்கிற அறுப்பு மெஷின் இறங்கினால் முளைத்த உளுந்தெல்லாம் அதன் தடத்தில் நசுங்கிப் போகிறது. அறுத்த பிறகு தெளிக்கலாம் என்றால் ஈரம் காய்ந்துவிடுகிறது. நாம் விட்ட உளுந்து பர்மாவிலிருந்து கப்பலில் வருகிறது. வாங்க ஆள் இருந்தும் நம்மால் போட முடியவில்லை.

அப்புறம், விவசாயம் அழிந்துவிடும் என்று டிவியில் அழுகிறவர்களையும் நான் நம்பவில்லை. செய்கிற ஆள்தான் குறைவார்கள், ஒருவர் செய்கிற நிலம் கூடும். மேலத்தெரு பையன் நாற்பது ஏக்கர் குத்தகைக்கு ஓட்டுகிறான். சொந்த டிராக்டர், நடவு மெஷின். மெஷின் வாடகை வெளியே போகாததால் நமக்கு நிற்பதைவிட ஏக்கருக்கு அவனுக்குக் கூடுதலாக நிற்கிறது. ஆனால் எல்லாம் வாய்ப்பேச்சுக் குத்தகை. எழுதிக் கொடுத்தால் 1955 குத்தகைதாரர் சட்டத்தைக் காட்டி நிலத்தைவிட்டு எழ மாட்டான் என்று ஊரே பயப்படுகிறது. எழுத்து இல்லாததால் பயிர்க்கடனுக்கும் காப்பீட்டுக்கும் அவன் அலைகிறான். வெள்ளத்தில் பயிர் போனால் நிவாரணம் பட்டாக்காரர் கணக்குக்குப் போய்விடுகிறது, நட்டவன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். இதைச் சரிசெய்யாமல் யாருக்கு எத்தனை மானியம் கொடுத்து என்ன?

அதனால் நான் நினைப்பது இதுதான். நீ வேலையில் இரு. அப்பாவுக்கு முடிகிற வரை அவர் செய்யட்டும், அப்புறம் ஆறு மாவை அந்தப் பையனிடம் விடுவோம், முறையாக எழுதியே கொடுப்போம். பயமிருந்தால் ஒரு வக்கீலைக் கேள், அங்கேதான் உனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்களே. மிச்சம் மூன்று மாவில் என்ன செய்வதென்று பொங்கலுக்கு வரும்போது பேசலாம். வரப்பில் தென்னை வைக்கலாம் என்கிறார் அப்பா, எனக்கு அதில் இஷ்டமில்லை. கஜா புயலில் பட்டுக்கோட்டைப் பக்கம் விழுந்த மரங்களைப் பார்த்தவள் நான்.

அப்பாவிடம் நீயே பேசு. நான் சொன்னதாகச் சொல்லாதே.

அன்புடன்,
அம்மா