ஜிர்காவில் அமரும் பஷ்தூன் பெரியவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பெரியவர்களே, வணக்கம்.

பாகிஸ்தானின் கைபர் பக்தூன்க்வாவிலும், எல்லை தாண்டி ஆப்கானிஸ்தானிலும், கொலைப் பகை மூண்டால் முதலில் தேடி வருவது ஜிர்கா என்னும் ஊர்ப் பஞ்சாயத்தில் அமரும் உங்களைத்தான். அந்த உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ஒருவன் செய்த கொலைக்கு ஈடாக அவன் வீட்டுப் பெண்பிள்ளையை எதிராளி வீட்டுக்கு மணமுடித்துக் கொடுக்கும் வழக்கத்தை, நீங்கள் ஸ்வாரா என்றும் பாத் என்றும் சொல்வதை, இனி எந்தச் சமரசத்திலும் ஏற்காதீர்கள்.

உங்கள் வாழ்க்கை நெறியான பஷ்தூன்வாலியைப் பழிக்க நான் எழுதவில்லை. 2005 ஜூனில் ஆப்கானிஸ்தானின் குனர் மலைகளில் முகமது குலாபும் அவர் ஊராரும் செய்ததை மறக்க முடியுமா? குண்டடிபட்டுக் கிடந்த ஓர் அமெரிக்கச் சிப்பாயை வீட்டுக்குள் சேர்த்தார்கள். தாலிபான்கள் வந்து கேட்டும் கொடுக்கவில்லை. அந்தச் சிப்பாய் அவர்களுக்கு உறவும் இல்லை, நட்பும் இல்லை. அடைக்கலம் கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். அதற்காகக் குலாப் பட்ட பாடு கொஞ்சமல்ல, கடைசியில் நாட்டை விட்டே போனார். முன்பின் தெரியாதவனுக்காக இவ்வளவு தாங்கும் ஒரு நெறி, சொந்த மகளை மட்டும் எப்படிக் கைவிடுகிறது?

ஒரு பெண் போனால் பத்து உயிர் மிஞ்சும், பிறக்கும் குழந்தைகள் இரண்டு குடும்பத்தையும் சேர்த்துவைக்கும் என்று நீங்கள் சொல்வது தெரியும். பழிக்குப் பழி தலைமுறை தாண்டி நீளும் இடத்தில் அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்தப் பிள்ளை போய்ச் சேரும் வீட்டை நினைத்துப் பாருங்கள். மகனைப் பறிகொடுத்த தாய்க்கு அவள் முகத்தைப் பார்க்கும்போதெல்லாம் கொன்றவன் நினைவுதான் வரும். கொன்றது அவள் அண்ணனோ சித்தப்பாவோ, தண்டனை அவளுக்கு. பெண்ணின் மானம் காப்பதை நாமூஸ் என்று உயிருக்கு மேலாக வைக்கும் நீங்கள், அவளையே கொண்டு கணக்குத் தீர்ப்பதை எப்படிப் பொறுக்கிறீர்கள்?

உங்கள் நெறிக்குள்ளேயே வேறு வழி இருக்கிறது. நனவாத்தை இருக்கிறதே. குற்றம் செய்தவன் வீட்டார் ஆட்டை ஓட்டிக்கொண்டு, குர்ஆனைச் சுமந்துகொண்டு எதிராளியின் வாசலுக்கே போய் மன்னிப்புக் கேட்கிறார்கள். அப்படி வந்தவர்களை வெறுங்கையோடு திருப்பி அனுப்புவது அந்த வீட்டுக்கு இழுக்கு. சில சமயம் பெண்களும் குர்ஆனைத் தலையில் ஏந்திப் போவதுண்டு. அவர்களைப் பார்த்ததும் துப்பாக்கி தாழ்கிறது. இரத்த ஈட்டுப் பணமும் இருக்கிறது, நிலமும் இருக்கிறது. இவ்வளவும் இருக்கும்போது ஒரு சிறுமி எதற்கு?

வழக்கத்தை மாற்றினால் பஷ்தூன் பஷ்தூனாக இருக்க மாட்டான் என்பவர்களுக்கு உங்கள் பாச்சா கான், நாங்கள் எல்லை காந்தி என்று சொல்லும் கான் அப்துல் கஃபார் கான், பதில் சொல்லிவிட்டார். 1929இல் அவர் தொடங்கிய குதாயி கித்மத்கார் என்ற அறவழி இயக்கத்தில் சேர்ந்தவர்கள் பழிவாங்க மாட்டேன் என்று உறுதிமொழி எடுத்தார்கள். பதல் என்னும் பழிவாங்கல் ஊறிய மண்ணில் அது எவ்வளவு பெரிய காரியம்! 1930 ஏப்ரல் 23 அன்று பெஷாவரின் கிஸ்ஸா குவானி கடைத்தெருவில் ஆங்கிலேயப் படை சுட்டபோது ஆயுதமின்றி நின்றவர்களைக் கோழைகள் என்று எந்தப் பஷ்தூனும் சொல்லவில்லை. அதே ஏப்ரலில் இங்கே வேதாரண்யம் நோக்கி உப்பெடுக்க நடந்துகொண்டிருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

சட்டம் எப்போதோ சொல்லிவிட்டது. பாகிஸ்தானில் 2011இல் வந்த திருத்தத்தின்படி இதற்கு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை. ஆப்கானிஸ்தானில் பெண்களின் பள்ளிகளை மூடிய தாலிபான் தலைமைகூட, சமாதானத்துக்காகப் பெண்ணைக் கொடுக்கக் கூடாது என்று 2021 டிசம்பரில் ஆணையிட்டது. ஆனால் ஊருக்குள் போலீஸ் வரும் முன்பே உங்கள் தீர்ப்பு வந்துவிடுகிறது. அதனால்தான் நீதிமன்றத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

அப்புறம், பாகிஸ்தானின் ஸ்வாத்தில் தபஸ்ஸும் அத்னான் என்ற பெண் 2013இல் பெண்களுக்கென்றே ஒரு ஜிர்காவை உருவாக்கினார், குவேந்தோ ஜிர்கா என்று. சிறு வயதிலேயே மணமுடிக்கப்பட்டுத் துன்பப்பட்டவர் அவர். அடுத்த முறை பெண்பிள்ளை சம்பந்தப்பட்ட வழக்கு வரும்போது இப்படிப்பட்ட பெண்களை உங்கள் வட்டத்தில் உட்காரவையுங்கள். யாரைக் கொடுப்பது என்று பேச்சு எழுந்தால், அந்தப் பேச்சை அவர்கள் முன்னால் பேசுங்கள்.

மரியாதையுடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒருவர்