பந்தியை விட்டு எழுந்து போகாதே

அன்புள்ள மகனே,

உன் கடிதம் கிடைத்தது. போனில் சொல்ல வாய் வரவில்லை என்று எழுதியிருக்கிறாய். எழுதியாவது சொன்னாயே. அப்பா ரப்பர் வெட்டிவிட்டு வந்ததும் வாசித்துக் காட்டினேன். கையிலிருந்த பாலைக்கூடக் கழுவாமல் திண்ணையிலேயே இருந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "கீழத்தோட்டத்தில் அஞ்சு சென்டை வித்துருவோமா?" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் என்று பிறகு சொல்லுகிறேன்.

அக்கா நம்பித் தந்த அஞ்சு பவன் மாலையை அடகு வைத்து, போனில் ரம்மி விளையாடித் தோற்றது பாவம்தான். அதற்கு இதமான பெயர் வைக்க எனக்கு மனசில்லை. ஊரில் எல்லாரும் விளையாடுகிறார்கள் என்று நீயும் சாக்குச் சொல்லவில்லை, சந்தோஷம். என்னைத் தூங்கவிடாதது உன் கடைசிப் பக்கம். இத்தனை மாதமாகச் சபையில் அப்பமும் ரசமும் தருகிற திருவிருந்தை எடுக்கவில்லை, வெள்ளிதோறும் உபவாசம், ராத்திரி தரையில் படுக்கை. இதெல்லாம் பாவத்துக்குத் தவணை கட்டுகிற மாதிரி இருக்கிறதே மக்களே! அந்தக் கடனைச் சிலுவையில் ஒருவர் முழுசாகத் தீர்த்துவிட்டார் என்றுதானே நாம் விசுவாசிக்கிறோம்?

நம் சபையிலும் இந்த வழக்கம் உண்டு. திருவிருந்து ஞாயிறு வந்தால், வரிசையில் போகிறவர்களுக்கு முழங்காலைச் சரித்து வழிவிட்டு, தலையைக் குனிந்து பெஞ்சிலேயே இருந்துவிடுவார்கள். கேட்டால் வேதத்தில் பவுல் எழுதின 1 கொரிந்தியர் 11:27 சொல்லுவார்கள். அபாத்திரமாய், அதாவது தகுதியில்லாமல், புசிக்கக் கூடாதாம். அதற்கு அடுத்த வசனத்தை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. "எந்த மனுஷனும் தன்னைத்தானே சோதித்தறிந்து, இந்த அப்பத்தில் புசித்து, இந்தப் பாத்திரத்தில் பானம்பண்ணக்கடவன்." சோதித்தறிந்து வீட்டுக்குப் போகக்கடவன் என்று பவுல் எழுதவில்லை. அவர் கடிந்துகொண்டது யாரை என்று 21-ஆம் வசனத்தைப் பார். ஏழைகள் பசியாயிருக்க, தாங்கள் முந்திச் சாப்பிட்டு வெறித்திருந்தவர்களை. அழுதுகொண்டு வந்த ஒருவனையும் அவர் தடுக்கவில்லை.

இதற்காகத்தானே சனிக்கிழமை சாயங்காலம் ஆயத்த ஆராதனை வைத்திருக்கிறார்கள்? பாவ அறிக்கை முதலில், மன்னிப்பின் வார்த்தை அடுத்து, அப்புறம் பந்தி. நீ முதல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாய். கன்வென்ஷன் பந்தலில் நரகத்தைக் காட்டிப் பயமுறுத்துகிற பிரசங்கத்தைச் சின்ன வயசில் நிறையக் கேட்டுவிட்டாய் போல.

இயேசுவைக் காட்டிக்கொடுத்த யூதாஸை நினைத்துப் பார். துக்கப்பட்டான். "பாவஞ்செய்தேன்" என்று வாயால் சொன்னான். முப்பது வெள்ளிக்காசையும் திருப்பிக் கொண்டுபோனான். அவரைத் தெரியாது என்று மறுதலித்த பேதுரு எதையும் திருப்பிக் கொடுத்ததாக எழுதியில்லை, மனங்கசந்து அழுதான், அவ்வளவுதான். ஆனால் யூதாஸ் போய்ச் சொன்னது பிரதான ஆசாரியரிடத்தில். "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று கைகழுவினார்கள். பேதுருவோ, கரையில் நிற்கிறது கர்த்தர் என்று தெரிந்ததும் படகிலிருந்து கடலில் குதித்தான். அங்கே கரிநெருப்பும் மீனும் அப்பமும் தயாராயிருந்தது. முதலில் சாப்பாடு, அதற்கப்புறம்தான் "என்னை நேசிக்கிறாயா?" என்ற கேள்வி.

யூதாஸின் முடிவு உனக்குத் தெரியும், தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டான். ரம்மிக் கடனில் உயிரை விட்ட பிள்ளைகளின் செய்தியைப் பேப்பரில் வாசிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். அப்படி ஒரு நினைப்பு எட்டிப்பார்த்தால், நடுராத்திரி என்று பார்க்காதே. உடனே என்னைக் கூப்பிடு, பக்கத்தில் இருக்கிறவளையும் எழுப்பு.

இப்போது தோட்டத்துக் காரியம். நாங்கள் நிலத்தை விற்று மாலையை மீட்டுவிட்டால், நீ அக்கா முகத்தைப் பார்க்காமலே தப்பித்துவிடுவாய். அது கிருபை இல்லை, மூடி வைக்கிறது. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயு வீட்டுக்கு இயேசு போனபோது ஒரு கணக்கும் கேட்கவில்லை. அவர் வந்த சந்தோஷத்தில்தான் அவன் எழுந்து நின்று, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய்த் திருப்பிக் கொடுக்கிறேன் என்றான்.

ஆகவே முதலில் மருமகளிடம் சொல். அவள் கோபப்படுவாள், படட்டும். அப்புறம் அக்காவிடம் நீயே பேசு. நான் ஒரு வார்த்தையும் முந்திச் சொல்லமாட்டேன், அப்பாவும் சொல்லமாட்டார். போனில் இருக்கிற அந்த விளையாட்டை அழித்துவிடு. சம்பளம் வந்ததும் மருமகள் கையில் கொடு. வெள்ளிக்கிழமை ஒழுங்காகச் சாப்பிடு, கட்டிலில் படு. அடுத்த திருவிருந்து ஞாயிறு அவளோடுகூடப் போய் முழங்கால்படியிட்டு வாங்கு.

அடகுச் சீட்டைப் போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு. ஏலத்துக்குப் போகாமல் இருக்க, முட்டை விற்ற காசில் வட்டியை மட்டும் நான் கட்டுகிறேன். முதலை நீ அடைக்க வேண்டும்.

அன்புடன்,
அம்மா