ஆறு மாதம் தாண்டினாலும் பேச்சு திரும்பும். தமிழில் பயிற்சி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கவாதம் வந்து ஆறு மாதத்துக்குள் பேச்சு திரும்பாவிட்டால் அப்புறம் வரவே வராது என்று நம் மக்களில் பலர் இன்னும் நம்புகிறார்கள். கோயிலில் சொல்கிறார்கள், கல்யாண வீட்டில் சொல்கிறார்கள், நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் அவர் காதுபடவே சொல்லிவிட்டுப் போகிறார்கள். இதைக் கேட்டுப் பயிற்சியை நிறுத்திவிட்ட குடும்பங்கள் எங்கள் பட்டர்வொர்த் வட்டாரத்திலேயே உண்டு. அது தவறு என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

2017-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு வெளியானது. 19 மையங்கள், 158 நோயாளிகள். எல்லாருக்கும் பக்கவாதம் வந்து ஆறு மாதமாவது கடந்திருந்தது. வாரத்துக்குப் பத்து மணி நேரத்துக்குக் குறையாமல், குறைந்தது மூன்று வாரம் பேச்சுப் பயிற்சி கொடுத்தார்கள். அன்றாடம் பேசிப் புரியவைக்கும் திறன் கூடியது. ஆறு மாதம் கழித்துச் சோதித்தபோதும் அந்த முன்னேற்றம் நிலைத்திருந்தது. எல்லாரும் பழையபடி சரளமாகப் பேசினார்கள் என்று சொல்ல வரவில்லை. ஆனால் காலம் கடந்துவிட்டது என்று கைவிட இனி யாருக்கும் நியாயமில்லை.

வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்பதைக் கவனியுங்கள். பக்கவாதத்தில் பேச்சை இழந்த என் வீட்டுக்காரருக்கு மாதத்துக்கு ஒரு தடவைதான் பயிற்சிக்கு முறை வந்தது. பயிற்சி கொடுத்த பெண் அன்பானவர், தன்னால் முடிந்ததைச் செய்தார். வெளியே காத்திருந்த வரிசை அவர் குற்றமில்லை. அந்தப் பயிற்சியும் மலாயில்தான் நடந்தது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருந்தவர் என்பதால் அவருக்கு மலாய் நன்றாகத் தெரியும். ஆனால் இப்போது அவர் பேச வேண்டியது என்னோடும் பேரப்பிள்ளைகளோடும். எங்கள் வீட்டில் தமிழ்தான்.

இரண்டு மூன்று மொழி பேசியவருக்கு மூளை பாதிக்கப்பட்டால், அதிகம் புழங்கிய மொழியே முதலில் திரும்பும் என்று 1895-லேயே பித்ர் என்ற பிரெஞ்சு மருத்துவர் எழுதினார். எல்லாருக்கும் அப்படி நடப்பதில்லை என்று பின்னால் தெரியவந்தது. ஒரு மொழியில் கொடுத்த பயிற்சி இன்னொரு மொழிக்கும் உதவுவதுண்டு, உதவாமல் போவதும் உண்டு. அதனால் நோயாளியின் எல்லா மொழிகளையும் சோதித்துப் பார்த்துத்தான் பயிற்சியைத் தொடங்க வேண்டும். தமிழை யார் சோதிப்பது, எதை வைத்துச் சோதிப்பது?

ஆங்கிலச் சோதனைத் தாளை அப்படியே தமிழாக்கினால் போதாது. வந்தேன், வந்தாள், வருவார்கள் என்று யார், எப்போது என்ற விவரத்தையெல்லாம் நம் மொழி வினைச்சொல்லின் கடைசியில் வைத்திருக்கிறது. மூளையின் முன்பகுதியில் அடிபட்டுப் பேச்சு உடைந்தவர்களிடம் பல சமயம் முதலில் தடுமாறுவது இதுதான். ஆங்கிலத்துக்காக எழுதிய தாள் இதை எப்படிப் பிடிக்கும்? அப்புறம், நாம் எழுதுவது ஒரு தமிழ், வாயால் பேசுவது இன்னொரு தமிழ். 'நான் செல்கிறேன்' என்று ஒருவரைச் சொல்லவைத்து என்ன பயன்? அவர் வாழ்நாளில் அப்படிப் பேசியதே இல்லை. 'போறேன்' என்றுதான் பேசியிருப்பார். அதிலும் மலேசியத் தமிழில் மலாய்ச் சொற்கள் கலந்தே வரும். அவற்றைப் பிழை என்று குறிக்கக் கூடாது.

2019-ல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், நோயாளிகள் தங்களுக்கு வேண்டிய 100 சொற்களைத் தாங்களே தேர்ந்தெடுத்து வீட்டில் கணினியில் பழகினார்கள். அந்தச் சொற்கள் வாயில் வருவது நன்றாகவே கூடியது. உரையாடல் மட்டும் அதனால் மேம்படவில்லை. உரையாடலுக்கு எதிரே ஓர் ஆள் வேண்டும், பொறுமையாகக் காத்திருக்கும் ஆள் வேண்டும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

குடும்பங்களுக்கு இன்னொன்று. பேர் கேட்டால் சொல்லத் தெரியாதவர் முருகன் பாட்டை அடி பிசகாமல் பாடுவார், ஒன்று முதல் பத்து வரை எண்ணுவார், கோபம் வந்தால் திட்டவும் செய்வார். உடனே 'வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறார்' என்று சொந்தக்காரர்கள் முடிவு கட்டுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் சொல்லாதீர்கள். மனப்பாடமாக ஓடும் பேச்சும் பாட்டும் மூளையில் வேறு வழியில் வருகின்றன. இதை வைத்தே 1973-ல் பாஸ்டனில் ராகம் போட்டுச் சொற்றொடர்களைப் பழக்கும் ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். சொல் வராததை அஃபேசியா என்கிறார்கள். அப்படிப்பட்டவருக்குப் புத்தி மங்கிவிடுவதில்லை. அவர் முன்னாலேயே அவரைப் பற்றிப் பேசுவதை நிறுத்துங்கள்.

சொல் தெரிந்தும் நாக்கும் உதடும் ஒத்துழைக்காமல் குழறுவது வேறு, அதற்குப் பயிற்சியும் வேறு. பார்க்கின்சன் என்ற நடுக்குவாத நோய் வந்தவர்களின் குரல் தேய்ந்துபோவதும் இந்த வகைதான். அவர்களுக்குத் தங்கள் குரல் சரியாகவே கேட்பதுபோல் இருக்கும். எதிரே இருப்பவருக்குத்தான் கேட்காது. சத்தமாகப் பேசுவதை மட்டுமே குறியாக வைத்து வாரம் நான்கு நாள், நான்கு வாரம் கொடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. பிரிட்டனில் 388 பேரிடம் நடத்திய ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது. வழக்கமாகக் கொடுக்கும் பேச்சுப் பயிற்சியைவிட இது நன்றாகப் பலன் தந்தது. அங்கும் நாள் கணக்கும் மணிக் கணக்கும்தான் முக்கியம்.

நம் நாட்டில் யுகேஎம் பல்கலைக்கழகம் 1995-லிருந்தே பேச்சுப் பயிற்சியாளர்களுக்கான படிப்பை நடத்துகிறது. யுஎஸ்எம் பல்கலைக்கழகத்தின் கிளந்தான் வளாகத்திலும் இது உண்டு. மொழியை ஆராய மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை இருக்கிறது. இவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து, மலேசியப் பேச்சுத் தமிழுக்கென்று ஒரு சோதனைத் தாளும் படத் தொகுப்பும் உருவாக்க வேண்டும். படங்களில் நம் வீட்டு அம்மியும் இருக்கட்டும், பசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையும் இருக்கட்டும். ஆறாம் படிவத்தின் எஸ்டிபிஎம் தேர்வு முடித்து மருத்துவம் கிடைக்கவில்லை என்று கலங்கும் நம் பிள்ளைகளிடம் இந்தத் தொழிலைப் பற்றிப் பெற்றோர்கள் சொல்ல வேண்டும். தமிழ் தெரிந்த ஒருவர் ஒரு மருத்துவமனையில் இருந்தாலே எத்தனையோ வீடுகளுக்கு உதவியாக இருக்கும்.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். பினாங்கு, கெடா பக்கம் தமிழில் பேச்சுப் பயிற்சி கொடுப்பவர்கள் உங்களுக்கு எழுதினால், எந்த ஊர், எந்த நாள், எவ்வளவு கட்டணம் என்ற விவரத்தோடு வெளியிடுங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்களும் இந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள். அதனால் இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ செய்பவர்களைத் தனியாகக் குறிப்பிட்டால் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பட்டர்வொர்த், பினாங்கு